கயத்தாறு வீட்டுக்கு வைஃபை 7 ரவுட்டர் வேணுமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். 2025 டிசம்பரில் பதிவானது. பேச்சை வாசிக்க வசதியாகக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தியிருக்கிறோம்.)

போன மாசம் ஒரு ராத்திரி பத்து மணிக்குக் கயத்தாறுல இருந்து எங்க சித்தி மகன் போன் பண்ணான். எடுத்த எடுப்புலயே, "அண்ணே, பிங் நானூறு தாண்டுது. வைஃபை 7 ரவுட்டர் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், 19,000 ரூவா. வாங்கிரவா?"ன்னு கேட்டான்.

அந்த 19,000 அவன் கல்யாண வீடியோ எடிட் பண்ணிச் சேர்த்த காசு. காலேஜ் படிக்கிற பையன். "ஏலே, பொறு, ஊருக்கு வாரேன்"னு சொல்லி வச்சேன். அப்புறம்தான் அவன் அக்கா போனை வாங்கினா. பிரச்சினை கேம் மட்டும் இல்லன்னு அவ சொல்லித்தான் தெரிஞ்சது. அவ சென்னைக் கம்பெனி ஒண்ணுக்கு வீட்டுல இருந்தே வேலை பார்க்கிறா. ராத்திரி ஒன்பதரைக்கு கிளையன்ட் மீட்டிங். வாரத்துல மூணு நாள் படம் உறைஞ்சு போகுது, குரல் ரோபோ மாதிரி வருது. இப்படியே போனா சென்னைக்கு வந்து ஆபீஸ்ல உட்காரணும்னு மேனேஜர் சொல்லிட்டார். ரெண்டு வயசுக் குழந்தையை வச்சுக்கிட்டு அவ எப்படிக் கிளம்புவா? "இவன் சொல்ற ரவுட்டரை வாங்கினா சரியாயிருமா அண்ணே? பாதிக் காசு நான் போடுறேன்"னு கேட்டா.

ரவுட்டர் வாங்குற முன்னாடி என்ன பார்க்கணும்னு கேட்டு நம்ம இன்பாக்ஸ்லயும் நிறைய பேர் எழுதியிருந்தீங்க. அதனால அந்த வீட்டுக் கதையையே இன்னைக்கு எபிசோடா எடுத்துக்கிட்டேன்.

முதல்ல வைஃபை 7 விஷயம். பெட்டியில போட்டிருக்கிற பெரிய எண்கள் பாதிக்கு மேல 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை நம்பித்தான் இருக்கு. வைஃபை 7-ல ஒரு சேனல் 320 மெகாஹெர்ட்ஸ் அகலம் வரைக்கும் போகலாம். நம்ம வழக்கமான 5 கிகாஹெர்ட்ஸ்ல 160 வரைக்கும்தான். அதாவது, நாலு வழிச்சாலையை எட்டு வழிச்சாலையா ஆக்குறாங்க, ஆனா அந்த எட்டு வழிச்சாலை போடுற நிலம் 6 கிகாஹெர்ட்ஸ்ல மட்டும்தான் இருக்கு. அமெரிக்கா 2020-லயே அந்த நிலம் முழுசையும், 1,200 மெகாஹெர்ட்ஸ், லைசென்ஸ் இல்லாம பயன்படுத்தலாம்னு திறந்து விட்டுட்டாங்க. இந்தியாவுல 2025 மே மாசம்தான் தொலைத்தொடர்புத் துறை வரைவு விதிகளையே வெளியிட்டுச்சு. அதுவும் கீழ்ப்பாதி மட்டும்: 5,925-ல இருந்து 6,425 வரைக்கும், 500 மெகாஹெர்ட்ஸ், குறைஞ்ச சக்தியில, பெரும்பாலும் வீட்டுக்குள்ள பயன்படுத்துறதுக்கு. இதுல 320 அகலச் சேனல் ஒண்ணே ஒண்ணுதான் கொள்ளும். 2025 டிசம்பர்ல இறுதி விதிகளுக்காக எல்லாரும் காத்துக்கிட்டு இருந்தாங்க.

இதோட விளைவு நம்ம கேமர்களுக்கு நல்லாவே தெரியும். 2024 நவம்பர்ல பிளேஸ்டேஷன் 5 ப்ரோ வந்தப்ப இந்தியாவுக்கு ஏன் வரலன்னு எல்லாரும் கத்துனாங்க இல்ல? சோனி சொன்ன காரணமே இதுதான். வைஃபை 7 பயன்படுத்துற 6 கிகாஹெர்ட்ஸுக்கு அப்ப இங்க அனுமதி இல்ல.

ஆக, 2025 டிசம்பர்ல இங்க கடையில வித்த வைஃபை 7 ரவுட்டர்ல 6 கிகாஹெர்ட்ஸ் ஒண்ணு இருக்கல, இல்லன்னா பூட்டி வச்சிருந்தாங்க. "சிங்கப்பூர்ல இருக்கிற மாமாவை விட்டு ஒண்ணு கொண்டு வரச் சொல்லட்டா?"ன்னான் தம்பி. அங்கத்திய ரவுட்டரை இங்க 6 கிகாஹெர்ட்ஸ்ல ஓட விடுறது அப்ப சட்டப்படி தப்பா இருந்துச்சு. அது போக, அவன் போன் வைஃபை 5, அக்கா லேப்டாப் வைஃபை 6. ரெண்டு பக்கமும் புதுசா இருந்தாத்தான் புதுசுக்கு வேலை. கல்யாணத்துக்குத் தவில் வந்து நாதஸ்வரம் வராத கதைதான்.

சரி, ஊருக்குப் போனேன். கயத்தாறு தெரியாதவங்களுக்கு: கோவில்பட்டிக்கும் திருநெல்வேலிக்கும் நடுவுல, நாலுவழிச்சாலை ஓரம், கட்டபொம்மனை 1799-ல தூக்குல போட்ட ஊர். சுத்திக் கரிசல் காடு, அதுக்கு மேல காத்தாடி. "காத்தாலைதான் சிக்னலைத் தின்னுது"ன்னு சித்தப்பா உறுதியா நம்புறார். ஃபைபர்ல வர்றது ஒளி சித்தப்பா, காத்தாலை அதை ஒண்ணும் பண்ணாதுன்னேன். அவர் ஒத்துக்கல.

வீடு பழைய வீடு. தெருவுல இருந்து புறவாசல் வரைக்கும் ரயில் பெட்டி மாதிரி நீளமா போகும். ஒன்றரை அடிக் கல் சுவர். ஃபைபர் தெருப் பக்கம் நுழையுது, அதனால கனெக்‌ஷன் கொடுத்தவங்க பெட்டியைப் பட்டாசல்லயே இரும்பு பீரோ மேல வச்சுட்டுப் போயிட்டாங்க. தம்பி விளையாடுறதும் அக்கா வேலை பார்க்கிறதும் கடைசி ரூம்ல. நடுவுல மூணு சுவர், ஒரு பீரோ.

இங்கதான் நீங்களும் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கு. இதைச் செய்யாம ரவுட்டருக்கு ஒத்தப் பைசா செலவழிக்காதீங்க. லேப்டாப்ல கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ரெண்டு ஜன்னல் வச்சுக்கோங்க. ஒண்ணுல உங்க ரவுட்டருக்கே பிங் போடுங்க; முகவரி பெட்டிக்கு அடியில ஒட்டியிருக்கும், பெரும்பாலும் 192.168-ல ஆரம்பிக்கும். இன்னொண்ணுல 8.8.8.8-க்குப் போடுங்க, அது வெளியுலகம். ரெண்டையும் ஓட விட்டுட்டு, எப்ப லேக் வருதோ அப்பப் பாருங்க. ரவுட்டருக்குப் போற எண்ணே எகிறினா வியாதி உங்க வைஃபையில. ரவுட்டருக்கு 2, 3 மில்லிசெகண்ட்னு ஒழுங்கா இருந்து, வெளியுலகத்துக்குப் போறது மட்டும் எகிறினா வியாதி லைன்ல. ரவுட்டர் எத்தனையாவது தலைமுறைங்கிறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

கடைசி ரூம்ல உட்கார்ந்து போட்டேன். ரவுட்டருக்கு 4, 6, 180, 5, அப்புறம் பதிலே இல்ல. ஆக வைஃபை சீக்குதான். அடுத்து பட்டாசலுக்கு வந்து, லேப்டாப்பைப் பெட்டியிலயே கேபிள்ல சொருகினேன். ரவுட்டருக்கு 1, 1, 1. வெளிய 28, 30, 29. அழகா ஓடுச்சு. இவ்வளவுதானா, கேபிள் இழுத்தா முடிஞ்சதுன்னு நினைச்சேன்.

மணி ஒன்பது பத்து இருக்கும். திடீர்னு வெளிய போற எண் 150, 320, 410. கேபிள்லயே! ரவுட்டருக்கு அப்பவும் 1 தான். எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். அப்பத்தான் சித்தப்பா கடையை அடைச்சுட்டு வந்து, சட்டையைக் கழட்டி மாட்டிட்டு, போனைச் சார்ஜ்ல போட்டிருந்தார்.

அதேதான். போன் வீட்டு வைஃபையில ஏறின உடனே, அன்னைக்கு வாட்ஸ்அப்ல வந்த வீடியோ, சொந்தக்காரக் கல்யாண வீடியோன்னு மொத்தத்தையும் கிளவுடுக்கு ஏத்த ஆரம்பிக்குது. அவங்க பிளான்ல டவுன்லோடு 40 எம்பிபிஎஸ், ஆனா அப்லோடு 10 தான். அந்தப் பத்தையும் சித்தப்பா போன் ஒண்ணே அடைச்சுக்கும். ஒன்பதரைக்கு அக்கா மீட்டிங், பத்துக்குத் தம்பி மேட்ச். வீட்ல ஒருத்தருக்கும் இது இத்தனை மாசமா தோணல.

இதுக்கு பஃபர்ப்ளோட்னு பேர். ரேஷன் கடை வரிசையை நினைச்சுப் பாருங்க. ஒருத்தர் இருபது மூட்டையோட முன்னால நிக்கிறார். பின்னால ஒரு பாமாயில் பாக்கெட் மட்டும் வாங்க வந்தவர். ஒரே வரிசைன்னா இவரும் இருபது மூட்டை முடியற வரைக்கும் நிக்கணும். கேமோட டேட்டா அந்தப் பாமாயில் பாக்கெட் மாதிரி. அளவு ரொம்பச் சின்னது, ஆனா உடனே போகணும். மலிவான பெட்டிகள் எல்லாத்தையும் ஒரே நீள வரிசையில அடுக்கி வைக்கும். எஸ்க்யூஎம்னு ஒரு வசதி இருக்கு. அது ஒவ்வொருத்தருக்கும் தனி வரிசை போட்டு, மாத்தி மாத்தி ஆள் கூப்பிடும். ரவுட்டர் வாங்கும்போது அட்டைப்பெட்டியில எத்தனை ஆண்டெனான்னு எண்ணுறதை விட்டுட்டு, இந்த எஸ்க்யூஎம் இருக்கா, இல்ல ஓப்பன்டபிள்யூஆர்டி மென்பொருள் போட முடியுமான்னு பாருங்க. என் கருத்துல கேமிங் வீட்டுக்கு வைஃபை எண்ணை விட இது முக்கியம்.

என்ன வாங்கினோம்? வைஃபை 6, ஏஎக்ஸ்3000 ரகம், ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி. அந்த 3000-ஐ நம்பாதீங்க. 2.4-ல 574, 5-ல 2,402, ரெண்டையும் கூட்டி முழுசாக்கிப் போட்ட எண் அது. பெரும்பாலான போன் ரெண்டையும் சேர்த்து வாங்காது. நாங்க பார்த்தது, லேன் போர்ட் எல்லாம் கிகாபிட்டா, எஸ்க்யூஎம் ஓடுமா, அவ்வளவுதான். ரவுட்டரை நடு ரூம்ல அலமாரி மேல, திறந்த இடத்துல வச்சோம். பட்டாசல் பெட்டியில இருந்து அதுவரைக்கும், அதுல இருந்து கடைசி ரூமுக்கும் கேட்6 கேபிள் இழுத்தோம். தம்பி பிஎஸ்5, அக்கா லேப்டாப் ரெண்டும் இனிமே கேபிள்லதான். பழைய பெட்டியோட வைஃபையை அணைச்சாச்சு. இதை மறந்துறாதீங்க: யாராவது பழைய வைஃபையிலயே ஒட்டிக்கிட்டு இருந்தா, புது ரவுட்டரோட வரிசை ஒழுங்கு அவங்களைக் கட்டுப்படுத்தாது. எஸ்க்யூஎம்-ல அப்லோடை 9-னு வச்சோம், இருக்கிற பத்தைவிடக் கொஞ்சம் கம்மியா. அப்பத்தான் வரிசை நம்ம ரவுட்டர் கையில இருக்கும்.

கரண்ட் விஷயம் ஒண்ணு. அங்க இபி ஒரு நொடி கண் சிமிட்டினாலும் ரவுட்டர் ஆஃப் ஆகித் திரும்ப வர ரெண்டு நிமிஷம் ஆகும்; மேட்ச் போச்சு, மீட்டிங்கும் போச்சு. அதனால மினி யுபிஎஸ் வாங்கினோம், பழைய பெட்டிக்கு ஒண்ணு, ரவுட்டருக்கு ஒண்ணு. வாங்குறப்ப ரவுட்டர் அடாப்டர்ல எழுதியிருக்கிற ஆம்பியரைப் பாருங்க. 12 வோல்ட் 2 ஆம்பியர் வரைக்கும் கொடுக்கிற மினி யுபிஎஸ்தான் கடையில அதிகம். பெரிய வைஃபை 7 ரவுட்டர் பல 3 ஆம்பியருக்கு மேல கேட்கும்.

ஸ்ட்ரீமிங்குக்கு இவ்வளவு யோசிக்கவே வேண்டாம். 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்கிறது 15 எம்பிபிஎஸ். கிரிக்கெட் லைவ்ல பக்கத்து வீட்டுக் கேபிள் டிவியில சிக்ஸ் போய் அரை நிமிஷம் கழிச்சு நம்ம வீட்ல போகுதே, அதை எந்த ரவுட்டரும் சரி பண்ணாது. ஆப் வீடியோவைத் துண்டு துண்டா வாங்கிச் சேர்த்து வச்சு ஓட்டுறதால வர்ற தாமதம் அது.

பிங்குக்கும் ஒரு அடிமட்டம் உண்டு. கேம் சர்வர் மும்பையில இருந்தா, கயத்தாறுல இருந்து நேர்கோட்டுலயே 1,200 கிலோமீட்டருக்கு மேல. ஃபைபர்ல ஒளி நொடிக்கு ரெண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். போய் வர 12 மில்லிசெகண்ட் போயே தீரும். கேபிள் வளைஞ்சு வளைஞ்சு போறதையும் சேர்த்தா முப்பது கிட்ட வர்றது நியாயம்தான். யாராவது "5 மில்லிசெகண்ட் பிங்"னு வித்தா சிரிச்சுட்டு வந்துருங்க.

மொத்தச் செலவு எட்டாயிரத்துக்குள்ள. அதுல பாதியை அக்கா போட்டா. அன்னைக்கு ராத்திரி சித்தப்பா போனைச் சார்ஜ்ல போட்டார். தடுக்க வேண்டாம்னு நான்தான் சொன்னேன். வெளிய போற எண் 30-ல இருந்து 43 வரைக்கும் ஏறிச்சு, அதுக்கு மேல போகல. அக்கா மீட்டிங் ஒரு மணி நேரம் முழுசா ஓடுச்சு. மேனேஜருக்கு அந்த ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பட்டுமான்னு கேட்டா. வேண்டாம், ஒரு மாசம் ஓடட்டும், அப்புறம் பேசுன்னேன். இன்னும் பத்து நாள் பாக்கி இருக்கு.

தம்பி இன்னும் தோத்துக்கிட்டுதான் இருக்கான். இப்ப கன்ட்ரோலர் சரியில்லையாம்.

உங்க வீட்டு ரெண்டு பிங் ஜன்னலையும் ராத்திரி ஒன்பதுல இருந்து பத்து வரைக்கும் ஓட விட்டுப் படம் எடுத்து அனுப்புங்க. வீட்டு வரைபடம் கையால கிறுக்கினதா இருந்தாலும் சரி, கூட வச்சிருங்க. பீரோ எங்க நிக்குதுன்னு மறக்காம குறிங்க. அடுத்த எபிசோட்ல நாலஞ்சு வீட்டைப் பிரிச்சுப் பார்ப்போம்.