பட்டயக் கணக்காளர் தேர்வுக்குப் படிக்கும் முறை

நம் நாட்டில் கடினமானவை எனப் பெயர் பெற்ற தேர்வுகளுள் பட்டயக் கணக்காளர் தேர்வு ஒன்று. ஊரார் இதனைச் சி. ஏ. என்று சுருக்கமாக வழங்குவர். இதனை நடத்தும் இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம், தனிச் சட்டமொன்றின்படி 1949 ஜூலை முதல் நாள் தோன்றியது. அதற்கு முன்பும் கணக்காளர்க்குத் தேர்வு இருந்தது. விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்ற சென்னை ஆர். சிவபோகம் அம்மையார், 1933இல் அந்நாளைய தேர்வில் வெற்றி பெற்று, இந்தியாவின் முதல் பெண் கணக்காளர் என்னும் பெருமையை எய்தினார். அன்று தொட்டு இன்று வரை இத்தேர்வின் கடுமை குறைந்தபாடில்லை. ஒவ்வொரு முறையும் இறுதித் தேர்வு எழுதுவோருள் பெரும்பாலோர் தேறாமலே திரும்புகின்றனர்.

அவர்கள் எல்லாரும் அறிவிற் குறைந்தவர்களா? அல்லர். ஆடிட்டர் தொழிலில் இருக்கும் நான், பயிற்சிக்கு வந்த இளைஞர் பலரை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். கூர்ந்த மதி படைத்தவர் மும்முறை தவறியதையும், நிதானமான மாணவர் முதன்முறையே தேறியதையும் கண்டதுண்டு. இருவரும் படித்த நேரம் ஏறக்குறைய ஒன்றே. படித்த முறைதான் வேறு. அந்த முறையைப் பற்றியே இன்று சில சொல்ல விழைகிறேன்.

முதலில் தேர்வின் அமைப்பை அறிந்துகொள்வோம். அடிப்படைத் தேர்வு, இடைநிலைத் தேர்வு, இறுதித் தேர்வு என இது மூன்று படிகளை உடையது. அடிப்படைத் தேர்வில் நான்கு தாள்கள். மற்ற இரண்டிலும் ஆறாறு தாள்கள். அவை மும்மூன்றாக இரு தொகுதிகளில் அடங்கும். கணக்கியல், சட்டம், வரி, அடக்கவிலைக் கணக்கு, தணிக்கை, நிதி மேலாண்மை ஆகியவை பாடங்கள். இடைநிலைத் தேர்வுக்கும் இறுதித் தேர்வுக்கும் நடுவே, ஓர் ஆடிட்டரிடம் ஆர்ட்டிகிள் பயிற்சி பெறவேண்டும். 2023இல் வந்த புதிய திட்டம் இப்பயிற்சியை மூன்றாண்டிலிருந்து இரண்டாண்டாகக் குறைத்தது.

இனி, தேர்ச்சிக்குரிய விதியைக் கவனியுங்கள். ஒரு தொகுதியில் தேற வேண்டுமானால் ஒவ்வொரு தாளிலும் நூற்றுக்கு 40 பெறவேண்டும். மூன்று தாள்களையும் கூட்டினால் 300க்கு 150 வரவேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே நிறைவேற வேண்டும். ஒருவன் 62, 58, 38 என வாங்குகிறான் என்று கொள்வோம். மொத்தம் 158 வந்தும் அவன் தேறவில்லை. ஒரு தாளில் இரண்டு மதிப்பெண் குறைந்துவிட்டது. மற்றொருவன் 45, 48, 52 வாங்குகிறான். எந்தத் தாளிலும் குறைவில்லை. எனினும் மொத்தம் 145 என்பதால் அவனும் தேறவில்லை. மூன்றாமவன் 40, 52, 58 வாங்கி, சரியாக 150 பெற்றுத் தேறிவிடுகிறான்.

கும்பகோணத்தில் சிறு மளிகைக் கடை வைத்திருப்பவரின் மகன் ஒருவன் என்னிடம் பயிற்சி பெற்றான். கணக்கில் புலி. தணிக்கைத் தாளைக் கண்டால் மட்டும் அவனுக்குக் கசப்பு. கணக்கில் வாங்கும் மதிப்பெண் தணிக்கையின் குறையை ஈடுசெய்யும் என்று நம்பி, அதனைக் கடைசி வாரத்துக்கு ஒதுக்கிவந்தான். இருமுறை அந்த ஒரு தாளே அவனை வீழ்த்தியது. தந்தையோ ஒவ்வொரு முறையும் கடன் வாங்கிச் சென்னையில் அவன் விடுதிச் செலவைக் கட்டிவந்தார். மூன்றாம் முறைக்குமுன் அவனிடம் நான் சொன்னது ஒன்றுதான்: நாள்தோறும் காலையில் முதல் ஒரு மணி நேரத்தைக் கசக்கும் பாடத்துக்குக் கொடு, இனிக்கும் பாடம் தானாகவே உன்னை அழைத்துக்கொள்ளும். அம்முறை அவன் தணிக்கையில் பெரிய மதிப்பெண் பெறவில்லை; 51தான் பெற்றான். ஆனால் தொகுதி தேறியது.

விதியில் ஒரு சலுகையும் உண்டு. தொகுதியின் எல்லாத் தாள்களையும் எழுதித் தேறாமற்போனவர், ஏதேனும் ஒரு தாளில் 60 அல்லது அதற்கு மேல் பெற்றிருந்தால், அடுத்த மூன்று முறைகளுக்கு அத்தாளை மீண்டும் எழுத வேண்டியதில்லை. ஆதலால், முதல் தாள் சரியாக அமையவில்லை என்று மனமுடைந்து, எஞ்சியவற்றை எழுதாமல் வீடு திரும்புவது பெரும் நட்டம். அவ்வாறு திரும்பியவர் இச்சலுகையையும் இழந்துவிடுகிறார்.

அடுத்து, படிப்பது எப்படி என்பதற்கு வருவோம். நம் மாணவர் பெரும்பாலோர் படிப்பு என்றால் வாசிப்பது என்றே எண்ணுகின்றனர். ஒரு பாடத்தை ஒருமுறை வாசித்து, கோடிட்டு, மறுமுறையும் வாசித்து, ‘இது தெரிந்த பாடம்’ என்று மூடிவைக்கின்றனர். தெரிந்தது போலத் தோன்றுவது வேறு. துணையின்றி எழுதவல்லது வேறு. 2006இல் ரோடிகர், கார்பிக் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர் இருவர் கல்லூரி மாணவரைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினர். ஒரு சாரார் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தனர். மற்றொரு சாரார் ஒருமுறை வாசித்துவிட்டு, ஏட்டைப் பாராமல் நினைவிலிருந்து மீண்டும் மீண்டும் எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர் முந்தினர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ, வாசித்தவர் நூற்றுக்குச் சுமார் 40 பங்கே நினைவு கூர்ந்தனர். எழுதிப் பார்த்தவர் சுமார் 60 பங்கு நினைவு கூர்ந்தனர். தேர்வு ஐந்து நிமிடம் கழித்து வருவதன்று. ஆறு மாதம் கழித்து வருவது. ஆகவே நமக்கு வேண்டியது இரண்டாம் வழியே.

இதனை நடைமுறையில் கொள்வது எளிது. ஓர் அத்தியாயத்தைப் படித்து முடித்ததும் புத்தகத்தை மூடுங்கள். வெற்றுத் தாளொன்றில் அதன் விதிகளையும், விலக்குகளையும், ஓர் உதாரணக் கணக்கையும் எழுதுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனவற்றைச் சிவப்பு மையால் குறியுங்கள். மறுநாள் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை, ஒரு மாதம் கழித்து ஒருமுறை அச்சிவப்புக் குறிகளை மட்டும் மீண்டும் எழுதிப் பாருங்கள். நாளடைவில் சிவப்பு குறைந்துகொண்டே வரும். எவ்வளவு படித்தோம் என்பதற்கு அதைவிடச் சிறந்த அளவுகோல் வேறில்லை.

கணக்குத் தாளில் இத்தவறு இன்னும் நுட்பமாக நிகழ்கிறது. விடையை அருகில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்து, ‘புரிந்தது’ என்று தலையசைப்பது கணக்குப் போடுவது ஆகாது. நீச்சலைக் கரையிலிருந்து பார்த்தவன் ஆற்றைக் கடப்பதில்லை. ஐந்தொகையின் இரு பக்கமும் சேராமல் நிற்கும்போது, பிழை எங்கே என்று தானே தேடிக் கண்டவனுக்குத்தான் அப்பாடம் சொந்தமாகிறது.

சட்டம், தணிக்கை ஆகிய தாள்களுக்கு விடையின் உருவம் முக்கியம். சட்ட விதி யாது, வினாவில் உள்ள செய்தி யாது, அவ்விதி இச்செய்திக்கு எவ்வாறு பொருந்துகிறது, முடிவு யாது என்ற நான்கு படிகளில் எழுதப் பழகுங்கள். பிரிவின் எண் நினைவில்லையெனில் விதியை மட்டும் தெளிவாக எழுதுங்கள்; தவறான எண்ணைத் துணிந்து எழுதுவதைவிட அது மேல். கழகம் வெளியிடும் பாடநூலும், முந்தைய தேர்வுகளுக்கான மாதிரி விடைகளும் இதற்கு நல்ல வழிகாட்டிகள். பத்து ஆசிரியர்களின் குறிப்புகளைச் சேர்த்துவைப்பதைவிட, இவற்றை மும்முறை எழுதிப் பழகுவது பயன் தரும்.

வரிப் பாடத்தில் மற்றோர் எச்சரிக்கை வேண்டும். சட்டம் ஓடும் நீர் போன்றது. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, பழைய மறைமுக வரிகள் பல மறைந்தன. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்துக்கு மாற்றாக 2025இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. ஆகவே அண்ணன் படித்த புத்தகத்தைத் தம்பி அப்படியே படிக்கலாகாது. தான் எழுதும் தேர்வுக்கு எந்த நாள்வரை வந்த திருத்தங்கள் பொருந்தும் என்பதைக் கழகத்தின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆர்ட்டிகிள் பயிற்சிக் காலத்தைப் படிப்புக்கு இடையூறு என்று எண்ணுவோர் பலர். நான் அவ்வாறு கருதவில்லை. பகலில் ஒரு வணிகரின் சரக்கிருப்பைச் சரிபார்த்தவன், அன்றிரவு தணிக்கை நூலில் சரக்கிருப்புப் பற்றிய பகுதியை அரைமணி நேரம் படிப்பானாயின், கோணி மூட்டைகளை எண்ணிய அனுபவமே அவனுக்குப் பாடமாக நிற்கும். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டாலும் இரண்டாண்டில் ஏழு நூறு மணி நேரத்துக்கு மேல் சேரும். இறுதி மாதங்களில் அவசரப்படுவோர்க்கு இச்சேமிப்பு கிட்டாது.

கடைசியாக, நேரக் கணக்கு. மூன்று மணி நேரத்துக்கு 180 நிமிடம், நூறு மதிப்பெண். ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. 14 மதிப்பெண் வினாவுக்கு ஏறத்தாழ 25 நிமிடமே உண்டு. அந்நேரம் கடந்தால், இடம் விட்டு அடுத்த வினாவுக்குச் செல்லும் துணிவு வேண்டும். அரைகுறையாய் நின்ற கணக்கில் கடைசி இரண்டு மதிப்பெண்ணைத் துரத்துபவர், தொடாத வினாவின் முதல் ஆறு மதிப்பெண்ணை இழக்கிறார். இத்துணிவு தேர்வுக் கூடத்தில் திடீரெனப் பிறக்காது. அண்மை ஆண்டுகளில் தேர்வுகள் பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கி வருகின்றன. நீங்களும் உண்டபின் உறக்கம் வரும் அதே வேளையில், வீட்டில் முழுத் தாள்களைக் கடிகாரம் வைத்து எழுதிப் பழகுங்கள். ஒரு பாடத்துக்கு மூன்று முழுத் தாளாவது எழுதாமல் தேர்வுக்குச் செல்லவேண்டாம்.

மாணவர்களே, இவ்வளவும் செய்து ஒருமுறை தவறினாலும், அது உங்கள் அறிவின்மீது எழுதப்பட்ட தீர்ப்பு ஆகாது. மதிப்பெண் பட்டியலை ஒரு வணிகரின் கணக்கேட்டைப் பார்ப்பது போலப் பாருங்கள். எத்தாளில் எத்தனை குறைந்தது, அது அறியாமையாலா, நேரக் குறைவாலா, எழுதும் முறையாலா என்று பிரித்து எழுதுங்கள். காரணம் தெரிந்த குறைக்குப் பரிகாரம் உண்டு. நாளைக்கு நீங்கள் கையொப்பமிடும் கணக்கை நம்பி, முகமறியா மக்கள் பலர் தம் சேமிப்பை முதலீடு செய்வர். வங்கிகள் கடன் கொடுக்கும். அந்தக் கையொப்பத்துக்குரிய தகுதியைத்தான் இத்தேர்வு உங்களிடம் கேட்கிறது. இன்றிரவே ஓர் அத்தியாயத்தைப் படித்து, புத்தகத்தை மூடி, வெற்றுத் தாளில் எழுதத் தொடங்குங்கள்.