டீசல் எஞ்சினில் ஜலம் குறைதல்

கிணற்றுப் பாசனத்திற்கு ரேடியேட்டர் பொருத்திய டீசல் எஞ்சின் வைத்திருப்போரிற் சிலர், ஜலம் அடிக்கடி குறைவதைக் கண்டும், மேலும் ஊற்றினாற் போதுமெனக் கருதிவிடுகின்றனர். இது பெருந்தவறாகும். ஜலம் போகும் வழியை அறியாது ஓட்டிவரின், பயிருக்கு நீர் மிகவும் வேண்டிய தருணத்தில் பிஸ்டன் இறுகி எஞ்சின் நின்றுவிடக் கூடும். ஜலம் போகும் வழிகள் மூன்று.

முதலாவது, வெளிக்கசிவு. எஞ்சின் ஆறிய பின்னர் ரேடியேட்டர், ரப்பர்க் குழாய்கள், அவற்றின் கிளிப்புகள், ஜலத்தைச் சுழலச் செய்யும் பம்பு ஆகியவற்றில் ஈரமோ, வெண்மையான உப்புக் கறையோ உளதா எனப் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது, எண்ணெயிற் கலத்தல். அளவுக் கம்பியில் ஒட்டும் எண்ணெய் மோர்போல் வெளுத்திருப்பின், எஞ்சினை ஓட்டலாகாது. ஓட்டினால் பேரிங்குகள் கெடும்.

மூன்றாவது, சிலிண்டருக்குள் புகுதல். ஆறிய எஞ்சினை ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துச் சிறிது நேரம் ஓட்டுகையில் ஜலத்தில் குமிழிகள் இடைவிடாது எழுமாயின், ஹெட் கேஸ்கெட் பழுதுற்றிருத்தல் கூடும். இவ்விரு பழுதுகளையும் தேர்ந்த மெக்கானிக்கைக் கொண்டே சீர்செய்விக்க வேண்டும்.

சூடாயுள்ள ரேடியேட்டரின் மூடியைத் திறத்தல் ஆபத்து. கொதிநீர் பீறிட்டு உடலை வேகச் செய்யும். காய்ந்த எஞ்சினில் குளிர்ந்த ஜலத்தை ஊற்றின் வார்ப்பிரும்பு வெடித்துவிடக் கூடும். ஆறவிட்டு ஊற்றுதலே முறை.