ஆட்டோமேட்டிக் கியர்: பெயர் ஒன்று, இயந்திரம் நான்கு

கொச்சியில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குச் சொந்த வண்டி என்பது இன்று ஆடம்பரம் அல்ல. பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும், கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் ஊருக்குப் போய்வர வேண்டியிருக்கிறது. கோயம்புத்தூர்ப் பக்கத்தவர்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய் இருப்பதால் ஏற்றம் குறைவு. வழியில் இருந்த குதிரான் மேடும் 2021-ல் சுரங்கப்பாதை திறந்த பிறகு தொல்லை தருவதில்லை. தேனிக்காரர்கள் போடிமெட்டையோ குமுளியையோ கடக்க வேண்டும். தென்காசிக்காரர்களுக்கு ஆரியங்காவு. ஊர் திரும்பினால் நம்ம மட்டாஞ்சேரி பஜார் ரோடு. முன்னே ஒரு லாரி சரக்கு இறக்கிக்கொண்டு நின்றால், பின்னால் வருகிறவர் கிளட்சை மிதித்து மிதித்து இடது கால் மரத்துப்போகும்.

இதனால்தான் ஆட்டோமேட்டிக் வண்டி வாங்கும் குடும்பங்கள் நம்மிடையே கூடிவருகின்றன. முழங்கால் வலிக்காரர்களும், வீட்டுப் பெண்களும் தைரியமாக ஓட்டுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் வாங்கும்போது நாம் கேட்பது ஒரே கேள்வி: “ஆட்டோமேட்டிக்தானே?” விற்பவரும் “ஆமா சார்” என்று முடித்துவிடுகிறார். உண்மையில் அந்த ஒரு பெயருக்குள் நான்கு வேறு வேறு இயந்திரங்கள் இருக்கின்றன. ஒன்றுக்கு ஊற்றும் எண்ணெய் இன்னொன்றுக்கு விஷம். ஒன்று மலையேறும் விதத்தில் மற்றது ஏறாது. தன் வண்டியில் இருப்பது எது என்று தெரியாமல் ஓட்டுவது, தன் இரத்தப் பிரிவு தெரியாமல் இருப்பது மாதிரிதான்.

எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில்

எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சக்கரமோ சிக்னலில் நிற்க வேண்டும். ஆகவே இரண்டையும் சேர்க்கவும் பிரிக்கவும் ஓர் இணைப்பு தேவை. சாதாரண வண்டியில் அந்த வேலையைச் செய்வது கிளட்ச். அடுத்தது, புறப்படும்போது வேகத்தைவிட இழுவிசை அதிகம் வேண்டும். சமவெளியில் ஓடும்போது இழுவிசையைவிட வேகம் வேண்டும். அதை மாற்றித் தருவது கியர். இந்த இரண்டு வேலைகளையும் மனிதக் கை கால் இல்லாமல் எப்படிச் செய்வது என்பதற்குக் கிடைத்த நான்கு விடைகளே நான்கு வகை ஆட்டோமேட்டிக்.

முதல் வகை: டார்க் கன்வெர்ட்டர்

இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து, ஒன்றை மட்டும் போட்டால் அதன் காற்றில் மற்றதும் சுற்றும். காற்றுக்குப் பதில் எண்ணெய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவே இதன் தத்துவம். எஞ்சின் ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அது எண்ணெயை வீச, அந்த வீச்சில் எதிர்ச்சக்கரம் சுழல்கிறது. நடுவில் உள்ள மூன்றாவது சக்கரம் திரும்பி வரும் எண்ணெயைச் சரியான திசைக்குத் திருப்பிவிடுவதால், புறப்படும்போது இழுவிசை ஏறக்குறைய இரு மடங்காகிறது.

துறைமுக ஊர்க்காரர்களான நமக்கு இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. இந்தக் கருவி பிறந்தது காருக்காக அல்ல, கப்பலுக்காக. வேகமாகச் சுழலும் நீராவி டர்பைனையும் மெதுவாகச் சுழல வேண்டிய கப்பல் விசிறியையும் இணைப்பதற்காக, ஜெர்மனியின் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பல ஆண்டுகள் கழித்தே அது காருக்கு வந்தது. இன்னோவா கிரிஸ்டாவின் ஆட்டோமேட்டிக் இந்த வகைதான். கொச்சியில் ஓடிய வால்வோ தாழ்தள ஏ.சி. பஸ்களிலும் டிரைவருக்குக் கிளட்ச் மிதி இல்லாததைக் கவனித்தவர்கள் இருப்பீர்கள். அவற்றுக்கும் இதுவே அடிப்படை.

இரண்டாம் வகை: ஏ.எம்.டி.

இது சாதாரண மானுவல் கியர் பாக்ஸேதான். கிளட்சும் அதேதான். ஆனால் கிளட்சை அழுத்தவும் கியரை மாற்றவும் நம் காலுக்கும் கைக்கும் பதிலாகச் சிறு இயந்திரக் கை ஒன்றைப் பொருத்தி, கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். விலை குறைவு, மைலேஜும் மானுவலுக்கு நிகர். 2014-ல் மாருதி செலேரியோவில் வந்த பிறகுதான் நடுத்தரக் குடும்பங்களுக்கு ஆட்டோமேட்டிக் எட்டியது. குறை என்னவென்றால், கியர் மாறும் நொடியில் எஞ்சினின் இழுவை நின்று வருவதால் பயணிகள் தலையாட்டுவார்கள்.

மூன்றாம் வகை: சி.வி.டி.

இதில் முதல் கியர், இரண்டாம் கியர் என்ற படிகளே கிடையாது. கூம்பு வடிவக் கப்பிகள் இரண்டு, அவற்றைச் சுற்றி ஓடும் உலோக பெல்ட் ஒன்று. கப்பியின் இரு பாதிகளும் நெருங்கினால் பெல்ட் வெளிவிளிம்புக்கு ஏறும். விலகினால் உள்ளே இறங்கும். இதனால் விகிதம் படிப்படியாக அல்லாமல் வழுக்கிக்கொண்டே மாறும். புதுமை என்று நினைக்க வேண்டாம். கைனெடிக் ஹோண்டா, ஆக்டிவா ஓட்டியவர்கள் எல்லோரும் ரப்பர் பெல்ட் சி.வி.டி.யைத்தான் ஓட்டியிருக்கிறார்கள். காரில் இதை 1958-ல் கொண்டுவந்தது நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம்.

ஹைபிரிட் கார்களில் வரும் ‘இ-சி.வி.டி.’ என்பது பெயரில் மட்டுமே உறவு. இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிட்டில் பெல்ட் கிடையாது. மின் மோட்டார்களும் கோள்வடிவப் பல்சக்கரத் தொகுதியும் சேர்ந்து அந்த வேலையைச் செய்கின்றன.

நான்காம் வகை: டி.சி.டி.

ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படை கியர்களுக்கு இன்னொன்று. நீங்கள் இரண்டாம் கியரில் போகும்போதே மூன்றாவது தயாராகக் காத்திருக்கும். ஒரு கிளட்ச் விட, மற்றது பிடிக்க, மாறியதே தெரியாது. வோக்ஸ்வேகன் 2003-ல் இதை விற்பனைக் காரில் கொண்டுவந்தது. எண்ணெயில் நனைந்த கிளட்ச், உலர்ந்த கிளட்ச் என இதில் இரு பிரிவு. உலர்ந்தது நெரிசலில் சீக்கிரம் சூடாகும்.

இனம் காண்பது எப்படி?

முதலில் லீவரைப் பாருங்கள். ‘பி’ என்ற எழுத்தே இல்லாமல் ஆர், என், டி என்று மட்டும் இருந்தால், காரைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் ஏ.எம்.டி. ‘பி’ இருந்தால் மற்ற மூன்றில் ஒன்று.

அடுத்து ஓட்டிப் பாருங்கள். கியர் மாறும்போது தலையசைந்தால் ஏ.எம்.டி. ஆக்ஸிலேட்டரை அழுத்தியதும் எஞ்சின் சத்தம் ஒரே உயரத்தில் நின்று, வேகம் மட்டும் பின்னால் ஏறிவந்தால் சி.வி.டி. பிரேக்கை விட்டதும் வெண்ணெய் போல நகர்ந்து, கியர்கள் மெத்தென்று மாறினால் டார்க் கன்வெர்ட்டர். மாறுவது வெடுக்கென்று இருந்து, ஊர்ந்து போகையில் லேசாக உதறினால் டி.சி.டி. பிரேக்கை விட்டதும் வண்டி நகர்கிறது என்பதை மட்டும் அடையாளமாகக் கொள்ளாதீர்கள், இப்போது ஏ.எம்.டி.யையும் அப்படி நகரச் செய்திருக்கிறார்கள். இன்று சில சி.வி.டி.க்களும் கியர் மாறுவது போல நடிக்கின்றன. ஆகவே முடிவான சாட்சி வண்டியோடு வரும் கையேடுதான். எந்த எண்ணெய் ஊற்ற வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். அதைப் பார்த்தாலே வகை தெரிந்துவிடும்.

கேரவனில் என்ன இருக்கிறது?

கேரவன் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது சினிமாப் படப்பிடிப்புத்தான். ஆனால் கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்து, 2022-ல் வாகமண்ணில் முதல் கேரவன் பூங்காவும் வந்த பிறகு, குடும்பத்தோடு வாடகைக்கு எடுக்கலாமா என்று விசாரிப்பவர்கள் உண்டு. இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் செய்பவர் ஒருவர். கீழே உள்ள சேசிஸ் செய்பவர் வேறொருவர். கியர் பாக்ஸ் சேசிஸ்காரருடையது. நம் நாட்டில் பஸ், வேன் சேசிஸில் கட்டுவதால் பெரும்பாலும் மானுவல்தான். “ஆட்டோமேட்டிக்” என்று சொன்னால் சேசிஸ் எது, எந்த ஆண்டு என்று கேளுங்கள்.

வெளிநாட்டில் உள்ள பிள்ளைகள் மோட்டார் ஹோம் எடுக்கும்போது இது இன்னும் முக்கியம். ஐரோப்பாவில் ஏராளமான மோட்டார் ஹோம்கள் ஃபியட் டுகாட்டோ மேல் கட்டப்பட்டவை. அதன் பழைய ஆட்டோமேட்டிக் ஏ.எம்.டி. வகை, 2019 முதல் வந்தது ஒன்பது கியர் டார்க் கன்வெர்ட்டர். மேலே உடம்பு ஒன்று போலவே இருக்கும், உள்ளே உயிர் வேறு. அமெரிக்காவின் பெரிய டீசல் மோட்டார் ஹோம்களில் அல்லிசன் கியர் பாக்ஸ் அதிகம். அந்த நிறுவனத்துக்குச் சென்னை அருகே ஒரகடத்திலும் ஆலை உண்டு. அதில் பெரும்பாலும் லீவருக்குப் பதில் பட்டன்கள். ‘பி’ இல்லாததால் அதை ஏ.எம்.டி. என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே வண்டியை நிறுத்திப் பிடிப்பது தனிப் பார்க்கிங் பிரேக். பழைய அமெரிக்க வண்டிகளில் அடியில் உள்ள எண்ணெய்த் தட்டின் போல்ட்டுகளை எண்ணியே மெக்கானிக்குகள் வகை சொல்வார்கள்: ஜெனரல் மோட்டார்ஸின் டி.எச்.400-க்கு 13, கிரைஸ்லரின் 727-க்கு 14, ஃபோர்டின் சி6-க்கு 17.

மலையிலும் மேட்டிலும்

ஏற்றத்தில் வரிசை நின்றுவிட்டால், ஆக்ஸிலேட்டரை லேசாக அழுத்தி வண்டியைப் பிடித்து நிறுத்துவது பலருக்குப் பழக்கம். ஏ.எம்.டி.யிலும் டி.சி.டி.யிலும் இது கிளட்சைத் தேய்த்து எரிக்கும். டார்க் கன்வெர்ட்டரில் எண்ணெய் கொதிக்கும். எந்த வகையானாலும் பிரேக்கைப் பிடித்தே நில்லுங்கள். தேவையானால் ஹேண்ட் பிரேக்.

இறக்கம் அதைவிட ஆபத்து. போடிமெட்டிலிருந்து போடிக்கு இறங்கும் வளைவுகள் முழுவதும் ‘டி’-யிலேயே விட்டு, பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடாகிப் பிடிக்காமல் போகலாம். எம், எஸ், எல் என்று உங்கள் லீவரில் எது இருக்கிறதோ அதில் தாழ்ந்த கியருக்குப் போட்டு, எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளச் செய்யுங்கள். நியூட்ரலில் இறக்குவது கூடவே கூடாது.

சரிவில் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் முதலில், ‘பி’ பிறகு. ‘பி’ என்பது உள்ளே ஒரு சிறு பூட்டுப் பல் மட்டுமே; மொத்த பாரத்தையும் அதன்மேல் சுமத்தக் கூடாது. கேரவன் போன்ற கனமான வண்டிக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். ‘பி’ இல்லாத ஏ.எம்.டி. காரில் கியரில் விட்டு, எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட வேண்டும்.

எண்ணெயும் இழுவையும்

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் பழைய சி.வி.டி. கார் ஒன்று வாங்கியது. “ஆட்டோமேட்டிக் ஆயில் ஊத்துங்க” என்று சொல்ல, ஒரு பட்டறையில் டார்க் கன்வெர்ட்டருக்கான எண்ணெயை ஊற்றிவிட்டார்கள். பெல்ட் வழுக்கத் தொடங்கி, கடைசியில் கியர் பாக்ஸையே மாற்ற வேண்டியதாயிற்று. பெல்ட் கப்பியைப் பற்றிக்கொள்ள அதற்கென்றே தயாரித்த எண்ணெய் வேண்டும். ஆகவே பட்டறையில் “ஆட்டோமேட்டிக்” என்று சொல்லாமல், வகையையும் கையேட்டில் உள்ள எண்ணெய்ப் பெயரையும் எழுதிக் கொடுங்கள்.

வழியில் வண்டி நின்றுபோனால் கயிறு கட்டி இழுக்க ஓடி வருவார்கள். பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ்களில் எண்ணெயைச் சுற்றவிடும் பம்ப் எஞ்சினால்தான் இயங்குகிறது. எஞ்சின் அணைந்த நிலையில் சக்கரம் உருண்டால் உள்ளே வறட்சி. பல்லும் பேரிங்கும் கெடும். முழு வண்டியையும் லாரிமேல் ஏற்றிச் செல்வதே பாதுகாப்பு.

எந்த வகை உயர்ந்தது என்பதல்ல கேள்வி. சிக்கனம் பார்ப்பவர்களுக்கு ஏ.எம்.டி., நகர நெரிசலுக்குச் சி.வி.டி., பாரத்துக்கும் மலைக்கும் டார்க் கன்வெர்ட்டர், வேகத்தை விரும்புவோருக்கு டி.சி.டி. என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு. தமிழ்நாடு, கேரளம் என்று இரண்டு மாநிலத்துக்கும் நடுவே மலையைத் தாண்டித் தாண்டி வாழ்கிறவர்கள் நாம். பின் இருக்கையில் பெற்றோரும் பிள்ளைகளும் தூங்கிக்கொண்டு வருகிறார்கள். அடுத்த பயணத்துக்கு முன் கையேட்டை எடுத்து, உங்கள் வண்டி நான்கில் எது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பத்து நிமிட வேலை. பயனோ வண்டி இருக்கும் காலம் வரைக்கும்.