மாத்திரை போட்டாச்சா? "மிஸ்டு கால்" சொல்லும்!

நெல்லை,
காசநோய்க்கு மருந்து 6 மாதம். ஓரிரு மாதத்திலேயே இருமல் அடங்கும். "சரியாப் போச்சே, இனி எதுக்கு மாத்திரை?" என்று நிறுத்திவிடுவார்கள். அங்கேதான் வினை! கிருமி மருந்துக்கு மசியாமல் போகும்.

முக்கூடலில் பீடி சுற்றுகிறவரும், அம்பையில் நாற்று நடுகிறவரும் பிழைப்பை விட்டுவிட்டு நர்சு முன்னால் தினமும் போய் நிற்க முடியுமா?

இதற்காக 2010-களில் பெங்களூர் மைக்ரோசாப்ட் ஆய்வுக்கூடத்தில் பிறந்ததுதான் "99 டாட்ஸ்". மாத்திரையைப் பிதுக்கினால் அட்டைக்குள் போன் நம்பர் தெரியும். மிஸ்டு கால் கொடுத்தால் பதிவாகிவிடும். காசு கிடையாது. கால் வராவிட்டால் ஊழியர் தேடி வருவார்.

ஆனால் நம் ஆட்கள் லேசுப்பட்டவர்களா? சென்னை, வேலூர், மும்பையில் நோயாளிகளின் சிறுநீரைச் சோதித்தார்கள். 2020-ல் வெளியான முடிவு: போன் அடித்துவிட்டு மாத்திரை போடாதவர் உண்டு. போன் அடிக்காதவரில் பலரோ, ஒழுங்காக மாத்திரை போட்டிருந்தார்கள்!