கரியமில வாயுவும் காய்கறிக் குடிலும்

ஓசூர், தளி வட்டாரத்தில் ரோஜாவும் குடைமிளகாயும் வளரும் பசுமைக் குடில்களைக் காணாதார் இலர். கடன் பெற்று இவற்றை எழுப்பிய உழவர்கள், குடிலுள் கரியமில வாயுவைச் செலுத்தினால் விளைச்சல் பெருகுமா என வினவுவது இயல்பே.

பெருகும் என்பது உண்மை. கரியமில வாயுவே பயிரின் உணவு. காற்றின் பத்து லட்சம் பங்கில் இன்று அது சற்றேறக்குறைய 420 பங்கே உள்ளது. மூடிய குடிலில் இதனை 1000 வரை உயர்த்தினால், தக்காளி, வெள்ளரி, குடைமிளகாய் ஆகியவை ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் கூடுதலாக விளையக்கூடும். நம் கேழ்வரகுக்கோ இதனால் பெரும்பயன் இல்லை. அவ்வாயுவைத் தன் இலையிலேயே செறிவாக்கிக்கொள்ளும் பயிர் அது.

ஹாலந்து நாட்டில் 2005 முதல், ராட்டர்டாம் எண்ணெய் ஆலையின் கரியமில வாயு குழாய்வழியே கண்ணாடிக் குடில்களை அடைகிறது. அவ்வாறாயின், சிப்காட் ஆலைப் புகையை நாமும் பயன்படுத்தலாகாதோ? சுத்திகரிக்காத புகை ஆகாது. அதிலுள்ள கந்தக டையாக்சைடு இலையைக் கருக்கும். எத்திலீன் பூவை உதிர்க்கும்.

தூய வாயுவே ஆயினும், நம் குடில்கள் வெப்பம் தணியப் பக்கங்களும் கூரையும் திறந்தவை. செலுத்திய வாயு விரைவில் வெளியேறிவிடும். மாறாக, திரைகளை மூடியே வைத்தால், வெயிலேறும் வேளையில் உள்ளிருக்கும் வாயுவைப் பயிர் உண்டு தீர்த்துப் பட்டினி கிடக்கும்.

ஆகவே உழவர் பெருமக்களே, சிலிண்டருக்கு மேலும் கடன்படுமுன் காலையிலேயே திரையை உயர்த்துங்கள். காற்று கொணரும் உணவுக்கு விலை இல்லை.