உங்களுக்குத் தெரியுமா? கோலில் எழுதிய மூன்றெழுத்து

1950களின் அமெரிக்கக் கண்ணாடியிழை ஃபிளை ராடுகள் (பொய்ப்பூச்சியை வீசி மீன்பிடிக்கும் கோல்கள்) சிலவற்றில், கைப்பிடிக்கு மேலே 'எச்.சி.எச்.' அல்லது 'எச்.டி.எச்.' என்று எழுதியிருக்கும். அது அந்தக் கோலுக்கு ஏற்ற நூலின் தடிமன்: எச் என்றால் 0.025 அங்குலம், சி என்றால் 0.050. அதாவது இரு முனையும் மெலிந்து, நடுவில் பருத்த நூல்.

பட்டு நூல் காலத்தில் இந்தக் குறியீடு போதுமானதாக இருந்தது. நைலானும் பிளாஸ்டிக் பூச்சும் வந்ததும், அதே தடிமனுக்கு எடை மாறிப்போனது. இறகில் கட்டிய பொய்ப்பூச்சிக்கு ஏது கனம்? அதைச் சுமந்து பறப்பது நூலின் எடைதானே! அதனால் 1961இல் நூலின் முதல் 30 அடியின் எடையே அளவுகோலாகி, அதன்படி எண்கள் வந்தன. 6ஆம் எண் நூலுக்கு 160 கிரெயின், சுமார் 10.4 கிராம்.

எச்.டி.எச். கோலுக்கு 6, எச்.சி.எச். கோலுக்கு 7 என்று தொடங்கலாம். ஒரு எண் கூட்டியும் குறைத்தும் புல்வெளியில் வீசிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பழைய கோல்கள் ஒன்றுபோல் ஒன்று வளைவதில்லை.