ஒரே கறி, வேறு வேறு நிமிடம்: மைக்ரோவேவ் அடுப்பின் வொட் கணக்கு

எமது கற்பிட்டிக் கரையோரக் கிராமங்களில் மைக்ரோவேவ் அடுப்பு இன்று புதுமையான பொருளல்ல. குவைத், கட்டார், சவூதி என்று வீட்டுப் பணிக்குச் சென்று திரும்பிய பெண்கள் கொண்டு வந்தவை சில. கண்டக்குழிக் கடலில் பெரிய பட்டங்களைப் பிடித்துக்கொண்டு அலைமேல் சறுக்கி விளையாட வருபவர்களுக்காகத் திறக்கப்பட்ட விடுதிகளில் இருப்பவை சில. 2022ஆம் ஆண்டு சமையல் எரிவாயுவுக்காக வரிசையில் நின்று களைத்த பின்னர், கரண்ட் இருக்கும் நேரத்திலாவது உதவட்டும் என்று பழையதாக வாங்கியவை இன்னும் சில.

அடுப்பு வந்துவிட்டது. ஆனால் அதற்குரிய கணக்கை எமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு வீட்டில் மூன்று நிமிடத்தில் கொதிக்கும் கறி, அடுத்த வீட்டில் அதே மூன்று நிமிடத்தில் வெதுவெதுப்பாகவே நிற்கிறது. "என்ட அடுப்பு பழுது" என்று பல பெண்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் அடுப்பில் பழுது இருக்காது. அதன் வலு வேறு, அவ்வளவுதான்.

யுத்தத்தில் பிறந்த கருவி

1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து படகில் கற்பிட்டிக்கு வந்திறங்கிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. யுத்தம் எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டவற்றை நாம் அறிவோம். ஆனால் இந்த அடுப்பின் இதயமாக இருக்கும் மக்னெட்ரோன் என்னும் கருவியும் யுத்தத்திலிருந்தே வந்தது. 1940இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில், பகைவரின் விமானங்களைக் கண்டறியும் ராடாருக்காக இது மேம்படுத்தப்பட்டது. 1945இல் அமெரிக்காவின் ரேதியன் நிறுவனத்தில் பணிபுரிந்த பேர்சி ஸ்பென்சர், அதன் அருகில் நின்றபோது தன் சட்டைப் பையிலிருந்த இனிப்புப் பண்டம் உருகியதைக் கவனித்தார். 1947இல் விற்பனைக்கு வந்த முதல் அடுப்பு ஓர் ஆளின் உயரமும் 300 கிலோவுக்கு மேற்பட்ட எடையும் கொண்டதாக இருந்தது. இன்று அதுவே எமது குசினி மேசையில் அடங்கி நிற்கிறது.

வொட் என்பது என்ன?

விறகடுப்பில் தீயைக் கூட்டுவதும் குறைப்பதும் எமது கையில் இருக்கிறது. மைக்ரோவேவ் அடுப்பில் அந்தத் தீயின் அளவைத்தான் வொட் என்கிறார்கள். 1000 வொட் அடுப்பு பெரிய தீ. 700 வொட் அடுப்பு நடுத்தரமான தீ. சிறிய தீயில் கூடுதல் நேரம் வேண்டும் என்பது நாம் அறிந்த விடயமே.

அடுப்பின் பின்புறத்திலோ கதவின் உட்பக்கத்திலோ ஒரு தகடு ஒட்டப்பட்டிருக்கும். அதில் இரண்டு வொட் எண்கள் இருக்கலாம். பெரிய எண், உதாரணமாக 1150 வொட், அடுப்பு மின்கம்பியிலிருந்து இழுக்கும் அளவு. சிறிய எண், உதாரணமாக 700 வொட், உணவுக்குப் போய்ச் சேரும் அளவு. சமையல் கணக்குக்கு எமக்கு வேண்டியது இந்தச் சிறிய எண்தான்.

கணக்கு இதுதான்

செய்முறையில் சொல்லப்பட்ட நேரத்தை, அந்தச் செய்முறைக்குரிய வொட்டால் பெருக்குங்கள். வரும் தொகையை உங்கள் அடுப்பின் வொட்டால் வகுங்கள். வருவது உங்களுக்குரிய நேரம்.

கைத்தொலைபேசியில் உள்ள கணிப்பான் இதற்குப் போதும். தசமத்தில் மட்டும் கவனம் தேவை. 5.7 நிமிடம் என்றால் 5 நிமிடம் 7 செக்கன் அல்ல. 0.7ஐ 60ஆல் பெருக்கினால் 42 செக்கன் வரும்.

கீழுள்ளதை வெட்டி அடுப்பில் ஒட்டிக்கொள்ளலாம். நேரங்கள் ஏறக்குறைய தரப்பட்டுள்ளன.

1000 வொட்டில் 2 நிமிடம்: 800 வொட்டில் 2 நிமிடம் 30 செக்கன், 700 வொட்டில் 2 நிமிடம் 50 செக்கன், 600 வொட்டில் 3 நிமிடம் 20 செக்கன்.

1000 வொட்டில் 4 நிமிடம்: 800 வொட்டில் 5 நிமிடம், 700 வொட்டில் 5 நிமிடம் 45 செக்கன், 600 வொட்டில் 6 நிமிடம் 40 செக்கன்.

1000 வொட்டில் 6 நிமிடம்: 800 வொட்டில் 7 நிமிடம் 30 செக்கன், 700 வொட்டில் 8 நிமிடம் 35 செக்கன், 600 வொட்டில் 10 நிமிடம்.

ஒரு ராத்தாவின் பிழைப்பு

இந்தக் கணக்கு வெறும் வசதிக்கானதல்ல என்பதை எங்கள் அயலில் உள்ள ஒரு ராத்தாவின் அனுபவம் காட்டியது. யுத்தத்தில் கணவனை இழந்தவர். குவைத்தில் உழைத்துப் பிள்ளைகளை வளர்த்தவர். திரும்பி வந்தபின் ஒரு விடுதிக்கு சோறும் மீன் கறியும் கண்ணாடிப் பெட்டிகளில் செய்து கொடுத்து வந்தார். இரவில் பிந்தி வரும் விருந்தினருக்கு விடுதிக் காவலாளி அதைச் சூடாக்கிக் கொடுப்பார். ராத்தா தன் வீட்டு அடுப்பில் சூடாக்கிப் பார்த்து, மூடியில் "4 நிமிடம்" என்று எழுதி அனுப்பினார்.

சில நாட்களில் முறைப்பாடு வந்தது. ஓரம் சூடு, நடு குளிர். இன்னொரு தடவை இப்படி நடந்தால் ஓடரை நிறுத்த வேண்டி வரும் என்று சொல்லிவிட்டார்கள். "கறியில ஒரு குறையும் இல்ல புள்ள, நான் என்ன செய்ய?" என்று ராத்தா கலங்கிப்போனார். அந்த மாத வருமானம் முழுக்க அந்த ஓடரில்தான் இருந்தது.

இருவரும் போய் விடுதி அடுப்பின் தகட்டைப் பார்த்தோம். ராத்தாவின் அடுப்பு 1000 வொட். விடுதி அடுப்பு 700 வொட். நான்கை ஆயிரத்தால் பெருக்கி எழுநூறால் வகுத்தோம். 5 நிமிடம் 43 செக்கன் வந்தது. அன்றிலிருந்து அவர் மூடியில் எழுதுவது இப்படி: "3 நிமிடம் வைத்துக் கிளறவும். மீண்டும் 2 நிமிடம் 45 செக்கன். மூடியபடி 2 நிமிடம் விடவும்." ஓடர் தொடர்கிறது.

எண் மட்டும் போதாது

மைக்ரோவேவ் அலை உணவின் ஓரிரு அங்குலம்தான் உட்செல்லும். நடுப்பகுதி, சுற்றிலும் உள்ள சூட்டை வாங்கித்தான் சூடாகும். ஆகவே இடையில் கிளறுவதும், இறக்கியபின் சற்று நேரம் விடுவதும் அவசியம். மீதிச் சாப்பாட்டை நடுப்பகுதி வரை ஆவி பறக்கும்படி சூடாக்க வேண்டும். 74 பாகை செல்சியஸ் என்பது பாதுகாப்பான அளவு. சோற்றை நீண்ட நேரம் வெளியில் வைத்திருந்தால், பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் வயிற்றைக் கெடுக்கலாம்.

உணவின் அளவு இரு மடங்கானால் நேரம் அப்படியே இரு மடங்காவதில்லை. முதலில் ஒன்றரை மடங்கு வைத்துப் பார்த்து, தேவையென்றால் கூட்டுங்கள்.

உங்கள் அடுப்பு செய்முறையை விட வலு கூடியதென்றால் நேரத்தைக் குறைக்கலாம், அல்லது வலு மட்டத்தைக் குறைக்கலாம். 1000 வொட் அடுப்பில் 70 சதவீத மட்டம் 700 வொட்டுக்குச் சமம். சாதாரண அடுப்புகள் இதை எப்படிச் செய்கின்றன தெரியுமா? முழு வலுவில் சற்று நேரம் இயங்கும், பிறகு நிற்கும், மீண்டும் இயங்கும். காது கொடுத்தால் இரைச்சல் மாறுவது கேட்கும். உறைந்த மீனை இளக்க 30 சதவீத மட்டமே நல்லது. முழு வலுவில் ஓரம் வெந்து நடுவில் ஐஸ் கட்டியாகவே இருக்கும்.

தகடு அழிந்திருந்தால்

எமது உப்புக் காற்றில் தகட்டின் எழுத்து அழிந்துபோவதுண்டு. பழைய அடுப்புகளின் வலுவும் காலப்போக்கில் குறையும். இதற்கு ஒரு சோதனை உண்டு. ஐஸ் போட்டு நன்கு குளிர்ந்த தண்ணீரில், ஐஸை எடுத்துவிட்டு, ஒரு கோப்பை (240 மில்லிலீற்றர்) அளந்து கண்ணாடிக் கோப்பையில் ஊற்றுங்கள். பொங்கித் தெறிக்காமல் இருக்க ஒரு மரக்கரண்டியை அதில் வையுங்கள். முழு வலுவில் கொதிக்க எடுக்கும் நேரத்தைப் பாருங்கள். இரண்டு நிமிடமளவில் என்றால் 1000 வொட். இரண்டரை நிமிடம் என்றால் 800. மூன்று நிமிடம் என்றால் 700. அதற்கும் மேலென்றால் 600 அல்லது குறைவு.

இதைக் காலையில் ஒரு தடவையும் இரவு ஏழு மணிக்கு ஒரு தடவையும் செய்து பாருங்கள். ஊரெல்லாம் விளக்குப் போடும் நேரத்தில் மின் அழுத்தம் குறைந்தால் அடுப்பின் வலுவும் குறையும். எங்கள் வீட்டில் இரவில் அரை நிமிடம் கூடுதலாக எடுக்கிறது.

கவனிக்க வேண்டியவை

வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் அடுப்பின் தகட்டில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா என்று பாருங்கள். சவூதியில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அதற்கு மட்டுமென்று செய்த அடுப்பு இங்கே அளவுக்கு மீறிச் சூடாகிப் பழுதாகலாம். சில்வர், அலுமினியப் பாத்திரங்களை உள்ளே வைக்க வேண்டாம். கோதுடன் முட்டை வெடிக்கும். குழந்தையின் பால் போத்தலை இதில் சூடாக்காதீர்கள். போத்தல் ஆறியிருந்தாலும் உள்ளே பால் வாயைச் சுடும். கதவு துருப்பிடித்துச் சரியாக மூடாவிட்டால் பாவிக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே உயிரைப் பறிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும். ஆகவே வீட்டில் யாரும் அதைக் கழற்றக்கூடாது.

மின்பட்டியலை எண்ணிப் பயப்படத் தேவையில்லை. 1200 வொட் இழுக்கும் அடுப்பு ஐந்து நிமிடம் இயங்கினால் ஓர் அலகில் பத்தில் ஒரு பங்குதான் செலவாகும்.

சகோதரிகளே, உணவு விற்றுப் பிழைப்பவர்கள் எம்மில் பலர். நீங்கள் கொடுத்தனுப்பும் பெட்டியின் மூடியில் நிமிடத்தை மட்டும் எழுதாதீர்கள். எத்தனை வொட்டுக்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். உங்கள் கைப்பக்குவம் வேறொருவர் குசினியிலும் கெடாமல் போய்ச் சேர அந்த ஒரு சொல் உதவும்.